உங்கள் நோட்ஸில் பக்க எண்ணையும் போடுங்கள்

டிஎன்பிஎஸ்சி எனும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு மெட்டீரியல் தயாரிப்பவர்களுக்கும், விற்பவர்களுக்கும், பிடிஎப்பாகக் குழுக்களில் பகிர்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஓர் எழுத்துப் பிழையைச் சொல்லித்தான் இந்த மடலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பிழை என்னுடையது.

2019இல் இளநிலை உதவியாளர் போன்ற வேலைகளுக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, கூடப் படித்த நாலு பேருக்காக 40 பக்கத்துக்கு நோட்ஸ் டைப் செய்தேன். திருக்குறள், மக்கள்தொகை, அரசியலமைப்பில் கொஞ்சம், கடைசிப் பக்கத்தில் தேர்வு அறையில் என்ன செய்ய வேண்டும் என்று சில யோசனைகள். எல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து அடித்தது. 'குறளில் இடம்பெறும் இரு மலர்கள்: அனிச்சம், குவளை' என்று வர வேண்டிய இடத்தில் 'குவலை' என்று விழுந்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை, நண்பர்களும் கவனிக்கவில்லை. பிடிஎப் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது, அங்கிருந்து டெலிகிராமுக்குப் போனது. அப்புறம் நான் அதை மறந்தே போனேன்.

சில வாரங்களுக்கு முன் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அதைத் திரும்பப் பார்த்தேன். 2022 தேர்வில் தேறி இப்போது ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். குரூப் 2-ஐயும் விடாமல் முட்டிக்கொண்டிருப்பதால் லீவு நாளில் நூலகத்துக்குப் போவது வழக்கம். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடித்த புத்தகம் ஒன்றை வைத்து மஞ்சள் மார்க்கரால் தேய்த்துக்கொண்டிருந்தார். 'குவலை' மேலும் மஞ்சள். எட்டிப் பார்த்தால் என் தலைப்புகள், என் வரிசை, முக்கியமான வரிக்கு முன்னால் நான் போடும் இரட்டை நட்சத்திரம் உட்பட அப்படியே இருந்தது. பக்கத்தின் குறுக்கே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வாட்டர்மார்க். மூன்றாவதுதான் இப்போதைய உரிமையாளர் போலிருக்கிறது.

"எவ்வளவும்மா இது?" என்று கேட்டேன்.

"முழு செட் 650ண்ணே, கொரியரோட சேர்த்து."

எனக்குப் பங்கு வேண்டாம், அதற்காக எழுதவில்லை. நானே பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து அடித்தவன்தான். ஆனால் ல, ள, ழ வேறுபாட்டைக் கேள்வியாகவே கேட்கிற ஒரு தாளுக்கு, ஒரு பிள்ளை 'குவலை' என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் எத்தனை கை மாறியிருக்கும்? வாட்டர்மார்க் போட்ட மூன்று பேரில் ஒருவர்கூடப் புத்தகத்தைத் திறந்து ஒத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த 'லை' அங்கே இருந்திருக்காது.

அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "தமிழ்நாட்டு எழுத்தறிவு 80.09ஆ, 80.33ஆண்ணே? இந்த புக்லயே ரெண்டும் இருக்கு."

இரண்டும் எங்கிருந்து வந்தன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2011 கணக்கெடுப்பில் முதலில் தற்காலிக எண்கள் வந்தன: மக்கள்தொகை 7,21,38,958, பாலின விகிதம் 995, எழுத்தறிவு 80.33 விழுக்காடு. பிறகு இறுதி எண்கள் வந்தன: 7,21,47,030, 996, 80.09. பழைய வழிகாட்டி நூல்கள் முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டன, பின்னால் வந்தவை இரண்டாவதை. இரண்டையும் வெட்டி ஒட்டியவர்கள் புத்தகத்தில் இரண்டும் வந்துவிட்டன. 'தற்காலிகம்', 'இறுதி' என்று பக்கத்தில் ஒரே ஒரு சொல் போட்டிருந்தால் போதும், அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே வந்திருக்காது. நான்கு விடைகளில் இரண்டு இந்த எண்களாக இருந்தால் தேர்வு அறையில் அவர் என்ன செய்வார்? அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கப்போகிறது. அப்போதும் தற்காலிகம், இறுதி என்று இரண்டு தடவை எண்கள் வரலாம். இப்போதே பழகிக்கொள்ளவில்லை என்றால் இதே கூத்து இன்னொரு பத்து வருடத்துக்கு நடக்கும்.

மெட்டீரியல்களில் எனக்குப் பெரிய பயம் 'தற்போது' என்கிற சொல்மேல்தான். 'தற்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் உள்ளன' என்ற வரி என் நோட்ஸிலும் இருந்தது. நான் அடித்த அன்று அது சரி. அந்த ஆண்டு முடிவதற்குள் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்து 37 ஆயிற்று. 2020இல் மயிலாடுதுறை வந்து 38 ஆயிற்று. என் 'தற்போது' மட்டும் அசையாமல் அங்கேயே நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், '2011 கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள்' என்று எழுதியிருந்தால் அந்த வரி என்றைக்கும் பொய்யாகாது. எண் அதேதான். ஆண்டு இல்லாததால்தான் கெட்டுப்போனது. பரப்பளவில் பெரிய மாவட்டம் விழுப்புரம் என்று இன்னும் அச்சடிக்கிறார்கள். கள்ளக்குறிச்சி பிரிந்த அன்றே அந்த வரியைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டம் 302 என்று ஒரு டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வு) தாளில் போன மாதம்கூடப் பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது, கொலைக்கான பிரிவு 103. கேள்வியில் 'பழைய சட்டப்படி' என்று ஒரு சொல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பள்ளிப் பாடநூலே இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2011 வாக்கில் வந்த சமச்சீர்ப் புத்தகங்கள் ஒரு வரிசை. 2018இல் தொடங்கி அடுத்த ஆண்டிலேயே மற்ற வகுப்புகளுக்கும் வந்த புதிய புத்தகங்கள் இன்னொரு வரிசை. வகுப்பு எண் அதேதான், பாடம் வேறு. 'எட்டாம் வகுப்புத் தமிழ்' என்று மொட்டையாக எழுதினால் எந்த எட்டாம் வகுப்பு என்று படிக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நான் 2019இல் அடித்தது இரண்டும் கலந்த சாம்பார். எது எதிலிருந்து எடுத்தது என்று இன்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. அந்த 40 பக்கத்தைத் திருத்தலாம் என்று போன வாரம் உட்கார்ந்தேன். பாதி வரிகளுக்கு மூலம் தேடியே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும் போலிருக்கிறது. எழுதும்போதே ஓரத்தில் வகுப்பு, ஆண்டு, பக்கம் என்று குறித்திருந்தால் இரண்டு மணி நேர வேலை.

சரி, சொற்களுக்கு வருகிறேன். அரசியலமைப்புப் பகுதியில் 'ஆர்ட்டிக்கிள்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு உங்கள் புத்தகங்களில் ஐந்து தமிழ்ச் சொற்கள் ஓடுகின்றன: சரத்து, உறுப்பு, விதி, பிரிவு, சட்டப்பிரிவு. ஒரே புத்தகத்தில், ஒரே பக்கத்தில் மூன்றைப் பார்த்திருக்கிறேன். தமிழ்வழியில் படித்து வருகிறவர் இவை மூன்றும் மூன்று வேறு பொருள் என்று நினைப்பதில் தப்பே இல்லை. பண மசோதாவும் நிதி மசோதாவும் இதைவிட மோசம். அரசியலமைப்பில் சரத்து 110 சொல்வது ஒன்று, 117 சொல்வது வேறொன்று. இரண்டையும் 'நிதி மசோதா' என்றே மொழிபெயர்த்து, அடுத்த பக்கத்தில் 'இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?' என்று கேள்வியும் வைத்திருந்தார் ஒருவர். மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு எடுத்து, வாசித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியது அப்பட்டமாகத் தெரிந்தது.

ஒரே வரியில் கேள்வியும் விடையுமாக வரும் ஒன்லைனர் பற்றியும் ஒரு வார்த்தை. 'திருக்குறளில் இருமுறை வரும் அதிகாரத் தலைப்பு: குறிப்பறிதல்.' சரிதான், எல்லோர் நோட்ஸிலும் இருக்கிறது. ஆனால் 71ஆம் அதிகாரமான குறிப்பறிதல் பொருட்பாலில் அமைச்சியலில் வருவது, அரசன் மனத்தில் இருப்பதைச் சொல்லாமலே அறிகிற திறமையைப் பேசுவது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் வருவது, காதலி கண்ணைப் படிப்பது. ஒரு குறளைக் கொடுத்து எந்தப் பால் என்று கேட்டால் ஒன்லைனர் அடித்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இரண்டு எண்களையும் பக்கத்தில் போட என்ன செலவு? கூடுதலாக அரை வரி.

இதெல்லாம் சின்ன விஷயம், இதற்கு ஒரு மடலா என்று தோன்றலாம். 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கான அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரையில் எத்தனை பேர் ஒருவர் தோள்மேல் ஒருவராக நிற்பார்கள் என்று முடிவு வந்த அன்று தரவரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தாளின் தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்கவில்லை என்றால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அப்படிப்பட்ட தாளில் 80.33 என்று வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வருகிறவர், தான் தோற்றது எங்கே என்றுகூடத் தெரியாமல் அடுத்த அட்டெம்டுக்கும் அதே புத்தகத்தையே எடுப்பார்.

தேர்வு முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வரும்போது இன்னொரு தடவை இது வெளிப்படும். விடை தவறு என்று ஆட்சேபம் சொல்ல வேண்டுமென்றால் ஆதாரம் காட்ட வேண்டும். "எங்க மெட்டீரியல்ல இப்படித்தான் சார் போட்டிருந்துச்சு" என்பது ஆதாரமாகுமா? எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று அப்போது தேடி ஓட வேண்டும். அந்த வேலையை நீங்கள் முன்பே செய்து கொடுத்திருந்தால், பிள்ளைகள் அந்த நாட்களில் நூலகத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அலைய வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2019இல் குரூப் 2-க்கு அலகு 8, அலகு 9 என்று தமிழ்நாட்டைப் பற்றிய புதிய பாடங்கள் வந்தபோது எல்லோரும் முழி பிதுங்கினோம். பிறகு 2021இல் வந்த அரசாணைப்படி தமிழ் கட்டாயம் ஆனது, அப்புறம் குரூப் 4 தமிழ்ப் பகுதியையே பிரித்து அடுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ராப்பகலாக உழைத்துப் புதுப் புத்தகம் போட வேண்டியிருக்கிறது. உங்களில் சிலர் நிஜமாகவே அப்படி உழைக்கிறீர்கள். வேறு சிலர் 'புதிய பாடத்திட்டப்படி' என்று ஒரு ஸ்டிக்கரை மட்டும் பழைய அட்டைமேல் ஒட்டுகிறீர்கள். ஸ்டிக்கரை உரித்தால் கீழே பழைய ஆண்டு பல்லிளிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மூலத்தைப் போட்டால் பிள்ளைகள் நேராகப் பாடநூலுக்கே போய்விடுவார்கள், நம் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார். அவரும் உங்கள் தொழிலில்தான் இருக்கிறார். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாகவே கிடைக்கிறது, தேர்வாணையத் தளத்தில் பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் இருக்கின்றன. இன்று நேற்றாகவா? இருந்தும் உங்கள் புத்தகம் விற்கத்தானே செய்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து முடித்தவருக்கு, கடைசி இருபது நாளில் புரட்டிப் பார்க்க ஒரு சுருக்கம் வேண்டும். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிற ஆளுக்கு, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற பெண்ணுக்கு, வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத ஊர்ப் பிள்ளைக்கு உங்கள் நோட்ஸ்தான் கை. பக்க எண் போட்டால் அந்தக் கை இன்னும் நம்பகமாகும், அவ்வளவுதான்.

இது முடியாத காரியம் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்தில் எங்களுக்கு அரசியலமைப்பு எடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பலகையில் எந்த வரி எழுதினாலும் வலது ஓரத்தில் மூலத்தை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டார். ஒரு நாள் தேர்வாணையத்தைப் பற்றியே பாடம். 'மாநிலத் தேர்வாணைய உறுப்பினர்: 6 ஆண்டு அல்லது 62 வயது, எது முன்போ அது' என்று எழுதினார். ஓரத்தில் '316' என்று போட்டார். அதற்குக் கீழே '60 → 62: 41ஆவது திருத்தம், 1976' என்று சின்னதாக எழுதி, "பழைய கைடுல 60ன்னு இருந்தா சண்டைக்குப் போகாதீங்க, அது எந்த வருசப் புக்குன்னு பாருங்க" என்றார். அந்தப் பலகையைத்தான் நான் கேட்கிறேன். அவர் கேட்டால் சிரிப்பார், அவருக்கு அது பழக்கம், ஒரு கொள்கையாக அவர் அதைச் செய்யவில்லை.

நான் கேட்பவை இவ்வளவே. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், வரிக்கு வரி முடியாவிட்டால் பத்திக்குப் பத்தியாவது, எங்கிருந்து எடுத்தது என்று போடுங்கள்: வகுப்பு, பாடம், புத்தகம் அச்சான ஆண்டு, பக்கம். அட்டையில் எந்த மாதம் வரையிலான செய்தி உள்ளே இருக்கிறது என்று போடுங்கள். 'தற்போது', 'சமீபத்தில்' என்கிற சொற்களைத் தேடிப்பிடித்து அந்த இடத்தில் ஆண்டை எழுதுங்கள். பிழை தெரிய வந்தால் குழுவில் சத்தமில்லாமல் பழைய பிடிஎப்பை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றாதீர்கள். பழையதை அச்செடுத்து ஸ்பைரல் போட்டவருக்கு அது எப்படித் தெரியும்? எந்தப் பக்கத்தில் எந்த வரி மாறியது என்று ஒரு துண்டுச் செய்தி போடுங்கள். இன்னொருவர் நோட்ஸை எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள், யாரும் ஓடிவந்து சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. குறைந்தபட்சம் எடுத்ததைப் படித்துப் பார்த்துவிட்டு உங்கள் வாட்டர்மார்க்கைப் போடுங்கள்.

டெஸ்ட் பேட்ச் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: விடைத்தாளில் 'E' வட்டத்தையும் அச்சடியுங்கள். 'விடை தெரியவில்லை' என்கிற ஐந்தாவது வட்டம் வந்தது 2020இல். இன்னமும் நான்கு வட்டத்தோடு பயிற்சி கொடுத்தால், பழகின கை தேர்வு அறையில் ஐந்தாவதை மறந்துவிடும்.

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. என் 40 பக்க நோட்ஸ் இன்று யார் பெயரில், எந்த அட்டையில் இருந்தாலும் சரி, உங்களிடம் இருந்தால் இவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். பக்கம் 7, கீழிருந்து மூன்றாவது வரி: 'குவலை' என்பதை 'குவளை' என்று மாற்றவும், அதிகாரம் 112, நலம்புனைந்துரைத்தல், குறள் 1114. பக்கம் 15, எழுத்தறிவு: 80.33 என்பது தற்காலிக எண், இறுதி எண் 80.09, அதே பக்கத்தில் பாலின விகிதம் 995 அல்ல, 996. பக்கம் 16, முதல் வரி: 'தற்போது 32 மாவட்டங்கள்' என்பதை '2011 கணக்கெடுப்பின்போது 32, 2020 முதல் 38' என்று எழுதிக்கொள்ளவும். பக்கம் 40, யோசனைகளில் இரண்டாவது: 'நேரம் போதாவிட்டால் கேள்வியை அப்படியே விட்டுவிடலாம்' என்பதை அடித்துவிடவும், எந்தக் கேள்வியையும் வட்டம் நிரப்பாமல் விடக் கூடாது. பக்கம் 22 முதல் 31 வரை இன்னும் ஒத்துப் பார்க்கவில்லை, அதுவரை அந்தப் பக்கங்களை நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அந்த 40 பக்கத்தை அடித்தவன்
மதுரை